நாற்பத்தோராவது வீட்டுக்குப் போன கொப்புளச் சேதி

தேஜாவின் வாயில் இரண்டு, வலது உள்ளங்கையில் நான்கு, இடது பாதத்தில் மூன்று. ஹாரிகா கொப்புளங்களை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு தன்மேலேயே சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினாள். ஒன்பதுதான். மூன்றாம் முறை எண்ணப் போனபோது தேஜா வாயை இறுக மூடிக்கொண்டான். மூன்றரை வயதுப் பிள்ளையின் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

சூலூர் வாகைச்சிட்டு மழலைக் காப்பகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்து காந்திபுரம் போய், குழந்தைப் பராமரிப்புப் பட்டயம் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே போன வாரம்தான் இந்தப் பாடம் நடந்தது. கை, கால், வாயில் கொப்புளம் வருகிற காய்ச்சல். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மற்ற எல்லாப் பெற்றோருக்கும் அன்றைக்கே சொல்ல வேண்டும். கையையும் பொம்மைகளையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பச்சைக் குழந்தை இருக்கிற வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

கடைசி வரியை அடிக்கோடிட்டு வைத்திருந்தாள். காப்பகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாற்பத்தோரு வீடுகளில் கடைசியாகச் சேர்ந்தது ஹுமேராவின் வீடு. அவள் அம்மா சாஜிதா பேகம் விசைத்தறியில் வேலை செய்கிறவள். ஏழு வாரத்துக்கு முன் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை, நாள் நிறையுமுன் பிறந்து, அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. வரும் சனிக்கிழமை அது வீட்டுக்கு வருகிறது. அதுவரை ஹுமேரா திருப்பூரில் பெரியம்மா வீட்டில். சனிக்கிழமை காலை அவள் காப்பகத்துக்கு வருவாள், மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தம்பியைக் கொஞ்சுவாள்.

ஹாரிகா போனை எடுத்தாள்.

“என்ன கண்ணு பண்ற?” என்றாள் ஆயா சுப்பாத்தாள்.

“தேஜா அம்மாவுக்குச் சொல்லிடறேனுங்க்கா. பொறவு வாட்ஸ்அப்புல எல்லாத்துக்கும் போட்டுடறேன்.”

சுப்பாத்தாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, போனை அவள் கையிலிருந்து வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். “உனக்குப் பேன் கதை தெரியாதில்ல?”

போன வருடம் பிள்ளைகளின் தலையில் பேன் பரவியதாம். அப்போதிருந்த டீச்சர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாள். கட்டடத்தின் சொந்தக்காரரும் கமிட்டி உறுப்பினருமான கோபாலசாமிக்கு அது பொறுக்கவில்லை. அவர் பேத்தி லாஸ்யாவும் அங்கேதான் இருந்தாள். “என்ற பேத்தி தலையில பேனுன்னு போன்ல சொல்றீங்க. நான் என்னங்க ரோட்டுல போறவனா? நேர்ல வந்து, தட்டுல வெத்தலை பாக்கு வெச்சு, ‘ஐயா, இந்த மாதிரிங்க’ன்னு சொன்னா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?” என்று கேட்டுவிட்டு, போர்வெல் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். நாற்பது பிள்ளைகள், மூன்று நாள், தண்ணீர் இல்லை.

“அப்பறம் பேனே தேவலைன்னு ஆயிப்போச்சு கண்ணு,” என்றாள் சுப்பாத்தாள்.

அதற்குப் பிறகுதான் ‘சேதி சொல்லும் நெறிமுறை’ வந்தது. அறுபத்து நான்கு பக்கம். முதல் பக்கத்தில் கமிட்டியாரின் படம், கடைசிப் பக்கத்திலும் கமிட்டியாரின் படம். இடையில் இருந்ததன் சாரம் இதுதான்: கல்யாணச் சேதியை எப்படிச் சொல்வோமோ அப்படித்தான் எந்தச் சேதியையும் சொல்ல வேண்டும்.

பதினொரு மணிக்கு அவசரக் கூட்டம் கூடியது. தாளாளர் தம்பிதுரை எழுந்து தொண்டையைச் செருமினார்.

“நோய் வரது பெரிய விசயமில்லைங்க. அது பாட்டுக்கு வரும், போகும். ஆனா சொல்ற மொறையில ஒரு கொறை வந்துபோச்சுன்னா ஊருக்குள்ள தலை காட்ட முடியுமுங்களா? பதினாலு வருசமா நம்ம காப்பகத்துக்கு நல்ல பேரு. எப்படி வந்துச்சு? எதையும் ஆருக்கும் சொல்லாததால வந்துச்சு. இப்ப சொல்ல வேண்டிய நெலமை. அதையாச்சும் கௌரவமாச் சொல்லோணும்.”

“சார், தேஜாவை மட்டும் இப்பவே ஊட்டுக்கு அனுப்பிடலாமுங்களா?” என்றாள் ஹாரிகா.

“சேதி சொல்லாம பையனை அனுப்புனா ஊட்டுல என்ன நெனைப்பாங்க?”

“சொல்லியே அனுப்பலாமுங்க சார்.”

“சொல்றதுக்குத்தான அம்மணி கூட்டம் போட்டிருக்கோம்.”

ஹாரிகா எதிரே பார்த்தாள். கோபாலசாமி உட்கார்ந்திருந்தார். தேஜாவும் அவர் பேரன்தான். “சார், தாத்தாவே இங்கதான உக்காந்திருக்காருங்க.”

எல்லோரும் கோபாலசாமியைப் பார்த்தார்கள். கோபாலசாமி மின்விசிறியைப் பார்த்தார்.

“நான் இப்ப கமிட்டி மெம்பரா உக்காந்திருக்கேனுங்க,” என்றார். “தாத்தனா எனக்கு இன்னும் ஆரும் ஒண்ணுஞ் சொல்லலை.”

இதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அடுத்தது, வீடு வீடாகக் கொடுக்க அடிக்கப்போகிற பத்திரிகையில் நோயின் பெயரை எப்படிப் போடுவது என்ற விவாதம்.

“தக்காளிக் காய்ச்சல்னு போட்டா எல்லாத்துக்கும் புரியுமுங்க. ஊருக்குள்ள அப்படித்தான் சொல்றாங்க,” என்றாள் ஹாரிகா.

தலைவர் கிருபாசங்கர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவருக்குக் கிணத்துக்கடவில் தக்காளி மண்டி. “ஏனுங்க, தக்காளி என்னங்க பாவம் பண்ணுச்சு? ஏற்கனவே கேக்க ஆளில்லாம பெட்டி பெட்டியாக் கெடக்குது. இதுல காய்ச்சல்னு வேற பேரு வெச்சா நான் மண்டியச் சாத்திப்போட்டுப் போக வேண்டியதுதான். வெங்காயக் காய்ச்சல்னு வேணாப் போடுங்க.”

பெற்றோரில் இரண்டு பேர் வெங்காய வியாபாரம் என்று தம்பிதுரை நினைவூட்டினார். தேங்காய் என்று ஒருவர் சொல்ல, பொள்ளாச்சிப் பக்கம் சம்பந்தம் பண்ணியவர்கள் முறைத்தார்கள். சுரைக்காய்க்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கொப்புளத்துக்கும் சுரைக்காய்க்கும் வடிவத்தில் ஒற்றுமை போதாது என்று கோபாலசாமி கருதினார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, காய்கறியே வேண்டாம், ‘உடல்நலம் சார்ந்த ஒரு சிறு நிகழ்வு’ என்று போட்டுக்கொள்ளலாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

பிறகு வரிசை. முதல் பத்திரிகை சாமிக்கு. இரண்டாவது, நோய் கண்ட பிள்ளையின் தாய்மாமனுக்கு. தாய்மாமனுக்குச் சொல்லாமல் பெற்றவர்களுக்குச் சொன்னால் அது பெரிய குற்றம். மூன்றாவது பெற்றோர். பிறகு கமிட்டியார் வீடுகள். பிறகு சேர்ந்த வரிசைப்படி மற்றவர்கள், ஒரு நாளைக்கு ஏழு வீடு. சேதி சொல்ல இரண்டு பேராகப் போக வேண்டும். ஒற்றையாகப் போவதும் மூன்று பேராகப் போவதும் ஆகாது.

ஹாரிகா நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடித்து மறுபடியும் போட்டாள். “சார், ஹுமேரா ஊடு நாப்பத்தொண்ணாவதா வருது. அவங்களுக்குப் போய்ச் சேர அடுத்த வாரம் ஆயிருமுங்க. சனிக்கெழமை பச்சைக் கொழந்தை ஊட்டுக்கு வருது. அவங்களுக்கு மட்டும் மொதல்ல சொல்லிடலாமுங்களா?”

தம்பிதுரை வருத்தத்தோடு சிரித்தார். “கடைசி ஊட்டுக்கு மொதல்ல போனா, மத்த நாப்பது ஊட்டுக்காரங்க மொகத்துல நான் எப்படி முழிக்கறது? வரிசைன்னா வரிசைதான் அம்மணி. மொறை தவறி ஆராச்சும் வாயத் தொறந்தா அவங்க சர்டிபிகேட்டுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

காப்பகத்தில் சர்டிபிகேட் தேவைப்பட்டவள் ஹாரிகா ஒருத்திதான். ஆறு மாதம் வேலை பார்த்ததற்கு அவர் கையெழுத்து இல்லையென்றால் பட்டயம் கிடையாது. தேஜா அன்று சாயங்காலம்வரை மற்ற பிள்ளைகளோடு விளையாடினான். எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஊதல் இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை, பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. தேஜாவின் தாய்மாமன் அங்கேதான் இருப்பார் என்று டிரைவர் கதிர்வேல் விசாரித்து வைத்திருந்தான். சூலூர்க் கோயிலில் சாமிக்கு வைத்தது போக, கையால் எழுதிய ஒரு தாளோடும், நெறிமுறையின் நகலோடும், வெற்றிலை பாக்கு வாழைப்பழத் தட்டோடும் ஹாரிகாவும் சுப்பாத்தாளும் வேனில் போய் இறங்கினார்கள்.

மாமன் இருந்தார். ஆனால் அவர் கை துண்டுக்குள் இருந்தது. தரகரின் கையும் அதே துண்டுக்குள் இருந்தது. விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். துண்டுக்குள் கை இருக்கும்போது ஒருவரிடம் வேறு பேச்சுப் பேசுவது மரியாதை இல்லை என்று சுப்பாத்தாள் சொன்னாள். ஒன்றேகால் மணி நேரம் நின்றார்கள். அதற்குள் ஒரு செவலைப் பசு தட்டிலிருந்த வெற்றிலையைத் தின்றுவிட்டு, வாழைப்பழத்தையும் தின்றுவிட்டு, நெறிமுறையின் நகலை முகர்ந்து பார்த்து, வேண்டாமென்று விட்டுவிட்டது.

சுப்பாத்தாள் வேறு வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் ஹாரிகா சாஜிதாவின் எண்ணை அழுத்தினாள். மணி ஒருமுறை அடித்தது. உடனே துண்டித்தாள். ஒருவேளை அது வெறும் வேர்க்குருவாக இருந்தால்? ஒன்பது என்று எண்ணியது தப்பாக இருந்தால்? அறுபத்து நான்கு பக்கம் எழுதியவர்களுக்குத் தெரியாதது தனக்கு எப்படித் தெரியும்?

துண்டு விலகியது. மாட்டின் விலை படியவில்லை. ஹாரிகா தட்டை நீட்டி, “உங்க மருமகன் தேஜாவுக்குக் கை, கால், வாயில கொப்புளமுங்க,” என்றாள்.

“அட, தெரியுமுங்க,” என்றார் மாமன். “நேத்துச் சாயங்காலமே அக்கா போன் பண்ணுச்சு. சோறு ஊட்டறப்பப் பாத்துச்சாம். டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. அதேதான்னாராம்.” வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஆனா பாருங்க, சந்தை வரைக்கும் தேடிட்டு வந்து சொன்னீங்க பாருங்க. இதுதானுங்க மொறை.”

அன்று சாயங்காலம் பத்திரிகை அடிக்கிற வேலை. சூலூரில் கல்யாணப் பத்திரிகை அச்சகம் வைத்திருக்கும் நசுருதீன், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாள், நேரம், எடம் ஒண்ணுமே காணமுங்களே?”

“இது விசேசமில்லைங்க. நோய்ச் சேதி,” என்றாள் ஹாரிகா.

“எதுவா வேணா இருக்கட்டுமுங்க. நாள் போடாத பத்திரிகைய இருபத்தாறு வருசத்துல நான் அடிச்சதில்லை.”

தம்பிதுரையிடம் கேட்டார்கள். அவர் யோசித்து, சனிக்கிழமை காலை பத்தரை முதல் பதினொன்றரை, காப்பக வளாகம் என்றார். பத்திரிகைக்கு ஒரு நிறைவு வரும் என்பது அவர் எண்ணம். குடும்பத்தோடும் குழந்தைகளோடும் வந்து சிறப்பிக்க வேண்டும் என்ற கடைசி வரி, நசுருதீனின் கம்ப்யூட்டரில் எப்போதும் இருப்பது. அது தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. தம்பிதுரை மெய்ப்புப் பார்த்தார். தன் பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியலும் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஏழு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்தார்கள், காபி கொடுத்தார்கள், பத்திரிகையில் மஞ்சள் தடவியிருக்கிறதா என்று பார்த்தார்கள். மூன்றாவது வீட்டில் அக்ஷயா என்ற பிள்ளை சோறு வேண்டாமென்று அழுதுகொண்டிருந்தாள். ஹாரிகா உள்ளங்கையைப் பார்த்தாள். ஐந்து. “அதுக்கென்னங்க, பத்திரிகை வந்திருச்சில்ல,” என்றாள் அக்ஷயாவின் அம்மா நிம்மதியாக. ஐந்தாவது வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், இரண்டுக்கும் கொப்புளம். ஏழாவது வீட்டில் ஏழாவது காபி.

வேனுக்குத் திரும்பியதும் ஹாரிகா நோட்டைத் திறந்தாள். சொல்ல வேண்டியதை மூன்று வரியாக எழுதினாள். இரண்டாவது வரியை அடித்துத் திருத்தினாள். பிறகு போனை எடுத்தாள்.

சுப்பாத்தாள் முன் சீட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். “கதிரு, இன்னைக்கு எனக்குக் காது சித்தே மந்தமா இருக்குதப்பா.”

“எனக்கும் அப்படித்தானுங்க்கா,” என்றான் கதிர்வேல்.

சாஜிதா எடுத்தாள். தறிச் சத்தம் பின்னால் கேட்டது.

“அக்கா, ஹாரிகா டீச்சருங்க. காப்பகத்துல பசங்களுக்குக் கை, கால், வாயில கொப்புளம் வருது, தொத்திக்கும். ஹுமேராவ நாளைக்குக் கூட்டிட்டு வராதீங்க, திருப்பூர்லயே ஒரு ரெண்டு வாரம் இருக்கட்டும். சின்னதைத் தொடறதுக்கு முன்னாடி ஆரா இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவோணும். வெளியாளுங்களை உள்ள விடாதீங்க.”

“சரிங்க டீச்சர். ஹுமேரா காப்பகத்துக்கு வந்தே எட்டு நாளாச்சு, அதனால இப்ப அவளுக்கு ஒண்ணுமில்லைங்களே?”

“இருக்காதுங்க. இருந்தாலும் காய்ச்சல் வருதான்னு பெரியம்மாவப் பாக்கச் சொல்லுங்க.”

“சரி டீச்சர். வேற?”

“அவ்வளவுதானுங்க.”

நாற்பத்தெட்டு விநாடி. ஏதோ விட்டுப்போயிற்று என்று ஹாரிகா நோட்டை மறுபடி பார்த்தாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

சனிக்கிழமை காலை, பத்திரிகை கிடைத்த ஏழு வீட்டார் குடும்பத்தோடு வந்தார்கள். பத்திரிகை கிடைக்காத முப்பத்து மூன்று வீட்டார், ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க, குடும்பத்தோடு வந்தார்கள். பந்தல் போதவில்லை. கிருபாசங்கர், தக்காளி யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது என்பதைக் காட்ட, இரண்டு அண்டாத் தக்காளிச் சாதம் கொண்டுவந்து இறக்கினார். பிள்ளைகள் ஒரே தட்டில் கையை விட்டுத் தின்றார்கள். ஒரு பிள்ளை வாயில் வைத்த பலூனை இன்னொரு பிள்ளை ஊதியது.

தம்பிதுரை ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கியபடியே மேடையேறினார்.

“நம்ம காப்பகத்துல எதையும் மறைக்கறதில்லைங்க. இந்த நிகழ்வு நடந்து நாலு நாளுக்குள்ள நாப்பது பேரையும் ஒரே எடத்துல கூட்டியாச்சு. இந்த ஒத்துமைய வேற எங்கயாச்சும் காட்ட முடியுமுங்களா? என்ன நிகழ்வுன்னு ஒரு சிலர் கேட்டாங்க. அது முக்கியமில்லைங்க. கேட்டு வந்தீங்க பாருங்க, அதுதான் முக்கியம்.”

முதல் கொப்புளம் கண்ட தேஜாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெரிய சால்வை. அதற்குள் அவன் காணாமல் போய், மூன்று பேர் தேடி எடுத்தார்கள். இரட்டைப் பிள்ளைகளின் அப்பா எழுந்து, தங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து இருபத்தொன்று இருக்கும்போது ஒன்பதுக்கு எப்படிப் பொன்னாடை என்று நியாயம் கேட்டார். கோபாலசாமி, இப்போது தாத்தாவாக மட்டும், எண்ணிக்கை முக்கியமில்லை, முந்தியவன் யார் என்பதுதான் முக்கியம் என்றார். அடிதடி ஆகாமல் பாயசம் காப்பாற்றியது.

திங்கட்கிழமை காப்பகத்துக்கு இரண்டே பிள்ளைகள் வந்தார்கள். புதன்கிழமையே பிடித்தவர்களுக்கு இப்போது வெளியே தெரிந்தது. மற்றவர்களுக்கு இந்த வாரத்துக்குள் தெரிந்துவிடும் என்றாள் ஹாரிகா. கமிட்டியின் கவலை அதுவல்ல. நாற்பத்தொன்றில் ஒரு வீடு விழாவுக்கு வரவில்லை.

“சாஜிதாம்மா ஏன் வரலை?” என்றார் தம்பிதுரை. முகம் சோர்ந்திருந்தது. சனிக்கிழமை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். “மனசுல ஏதோ வருத்தம் இருக்கோணும். விசாரிங்க.”

ஹாரிகா நோட்டை மூடினாள். “நான் போன்ல சொல்லிட்டேனுங்க சார். வெள்ளிக்கெழமை. வர வேண்டாம்னு.”

கிருபாசங்கர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

“போன்லயா?” என்றார் தம்பிதுரை. “பச்சை ஒடம்புக்காரி. கொழந்தையத் தூக்கிட்டு ஊடு வரப்போற சந்தோசத்துல இருக்கா. அவளுக்குப் போய், தட்டில்லாம, பாக்கில்லாம, வெறும் வாயில சேதி சொல்லியிருக்க. அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபட்டிருக்கும்?”

“கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலீங்க சார். நல்லா இருக்குதாம்.”

“கொழந்தை நல்லாத்தான் இருக்கும். மரியாதை நல்லா இருக்குதா?”

தீர்மானம் நிறைவேறியது. செவ்வாய்க்கிழமை தாளாளரே நேரில் போய், போனில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு, அதே சேதியை முறையாக மறுபடி சொல்வது. கூட ஹாரிகா போவாள். சாஜிதா ஏற்றுக்கொண்டதாகப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் ஹாரிகாவின் சர்டிபிகேட்டைப் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் யோசிக்க ஒன்றுமில்லை.

தறிக்கூடங்களுக்குப் பின்னால் வரிசை வீடுகள். சாஜிதாவின் வீட்டுக்குக் கிரில் கதவு. தம்பிதுரை தட்டை இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். காரில் வரும்போது இரண்டு முறை தொண்டை எரிகிறதென்று தண்ணீர் குடித்திருந்தார். ஹாரிகா படிவத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நின்றாள்.

ஜன்னல் திறந்தது. சாஜிதா குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். ஒரு கை அளவுதான் இருந்தது. வாயை அகலமாகத் திறந்து கொட்டாவி விட்டது.

“வாங்க சார். வாங்க டீச்சர்,” என்றாள். “அங்கயே நில்லுங்க.”

“அம்மணி, நடந்தது தப்புத்தான்,” என்று தம்பிதுரை தொடங்கினார். “டீச்சர் சின்னப் பொண்ணு, மொறை தெரியாம...”

“சார், காப்பகத்துல இருந்து நேராவா வரீங்க?”

“ஆமாங்க. தட்டை வாங்கிக்கிட்டீங்கன்னா...”

“தட்டைக் கீழ வெச்சுட்டுக் கையக் காட்டுங்க சார்.”

தம்பிதுரைக்குக் கை காட்டும் பழக்கம் இல்லை. கேட்டது ஒரு பெண், அதுவும் ஜன்னலுக்குள்ளிருந்து. ஆனால் சாஜிதா சொன்ன விதத்தில் அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். ஹாரிகா எட்டிப் பார்த்தாள். இடதில் ஆறு. வலதில் ஐந்து. இந்த முறை அவள் மறுபடி எண்ணவில்லை.

“உங்களுக்கு வந்திருச்சு சார்,” என்றாள் சாஜிதா. “பெரியவங்களுக்கும் வருமாம், ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாங்க. ஊட்டுக்குப் போயிப் படுங்க. ஆரையும் தொடாதீங்க. கார மொளகா திங்காதீங்க, வாய் எரியும். டீச்சர், நீங்க கை கழுவிக்குங்க, வெளிய குழா இருக்குது, சோப்பும் வெச்சிருக்கேன். நான் ஜன்னலைச் சாத்திக்கறேங்க, பாப்பாவுக்குக் காத்து.”

ஜன்னல் மூடிக்கொண்டது.

தம்பிதுரை விரித்த கைகளோடு அப்படியே நின்றார். பதினான்கு வருடத்தில் காப்பகத்தைச் சேர்ந்த ஒருவருக்கு நோயைப் பற்றி அன்றைக்கே, முகத்துக்கு நேரே, புரியும்படி சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை.

“பாத்தியா அம்மணி,” என்றார் கடைசியில். “உக்காருங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. ஒரு வாய்த் தண்ணி இல்லை. எனக்குப் போயி இப்படி வாசல்ல நிக்க வெச்சா சொல்றது?”

ஹாரிகா குழாயடியில் போய் இருபது எண்ணும்வரை கை கழுவினாள். சர்டிபிகேட்டை நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தாள். எண்ணிக்கை தவறி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை முழங்காலில் வைத்தாள். ‘குடும்பத்தார் சேதியை ஏற்றுக்கொண்டார்களா?’ என்ற கட்டத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்:

‘ஏற்றுக்கொண்டார்கள். கதவைத் திறக்கவில்லை.’